பலகையில் இருந்த குரல்

ஜூன் 3

இன்று மாலை அம்மா என்னை "அக்கா" என்று கூப்பிட்டாள்.

அம்மா போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அடுப்படியில் நின்று முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். பின்னால், அவள் அறையிலிருந்து, நல்ல தெளிவாக, "அக்கா, இங்க வா." முட்டை கையை விட்டு உருண்டு ஓடிவிட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. தம்பியின் பேசும் பலகை.

எழுதி வைத்தால் பயம் குறையும் என்று எழுதுகிறேன். தம்பிக்கு முப்பத்தொரு வயது. பிறந்ததிலிருந்து பேச்சு வரவில்லை. சொன்னால் புரியும், கோபம் வரும், குறும்பு தேவைக்கு மேலேயே வரும், வார்த்தை மட்டும் வராது. குடும்ப உதவி மையத்தில் அவனுக்கு ஒரு பலகை கொடுத்திருக்கிறார்கள். சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும். படம் ஒட்டிய பட்டனை அமுக்கினால், பதிந்து வைத்த குரல் பேசும். அத்தனையும் அம்மா பேசிப் பதிந்தது. நான் லீவுக்கு வரும்போதெல்லாம் கேட்டதுதான். அப்போது அம்மாவும் பக்கத்தில் இருப்பாள், ஒன்றும் தோன்றாது.

போய்ப் பார்த்தால் மந்திரி அவள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். மந்திரி என்பது தம்பிக்கு அம்மா வைத்த செல்லப் பெயர். எதைக் கேட்டாலும் நெடுநேரம் யோசிப்பான், ஒரு முடிவும் எடுக்கமாட்டான். நான் பதறியதைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தான்.

சிரிப்பா உனக்கு?

ஜூன் 5

"எனக்குப் பசிக்குது." அம்மாவுக்குப் பசிக்கிறது. சரி, அவனுக்கு.

ஜூன் 9

வாட்டர் ஹீட்டர் கம்பெனிக்காரர்கள் என்னை வீட்டிலிருந்தே வேலை செய்ய விட்டதே பெரிய விஷயம். நடு அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஊரில் உள்ளவர்களின் புகாரையெல்லாம் கேட்கிறேன். இன்று ஒருவர் கத்திக்கொண்டே இருந்தார். திடீரென்று நிறுத்திவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்: "மேடம், உங்க பின்னாடி ஒரு வயசான அம்மா வலிக்குது, வலிக்குதுன்னு சொல்றாங்க. முதல்ல அவங்களப் போய்ப் பாருங்க."

"டிவி சார்" என்று சொல்லிவிட்டேன்.

போய்ப் பார்த்தால், மந்திரி கதவில் முட்டியை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மருந்து தடவிவிட்டேன். கடைசி நாட்களில் அம்மா ஒரு தடவைகூட வலிக்கிறது என்று வாய் திறக்கவில்லை. இப்போது சொல்கிறாள்.

ஜூன் 12

விளக்குப் போடுகிற நேரத்துக்கு அவன் தினமும் அம்மா கட்டிலின் முன்னால் போய் நிற்கிறான். ஒரே ஒரு பட்டன். "பயமா இருக்கு." கொஞ்சம் நிறுத்திவிட்டு மறுபடி. "பயமா இருக்கு."

"யாருக்குடா பயம்? உனக்கா, அவளுக்கா?" என்று கேட்டேன்.

யோசித்தான். தலையாட்டினான்.

இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆட்டல். நான் அந்த அறைப் பக்கம் போவதை விட்டுவிட்டேன். என் துணிகளை அள்ளிக்கொண்டு வந்து நடு அறையில் போட்டிருக்கிறேன்.

ஜூன் 14

சித்தி போனில்: "செத்தவ குரல வீட்ல பேச விட்டுட்டு எப்படிடி இருக்க? அழிச்சுத் தொலை. உன் குரல்ல போட்டுவிடு. நீதானே இனிமே அவனுக்கு எல்லாம்."

இந்த மாதிரி பேச்சில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் இன்று அம்மா அறைக் கதவையும் சாத்திவிட்டுத்தான் குளிக்கப் போனேன்.

ஜூன் 16

முடித்துவிட்டேன். அவன் தூங்கிக்கொண்டிருந்த மதியத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பட்டனாக அழித்து, என் குரலில் பதிந்தேன். சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஒரு கீச்சுச் சத்தம் வரும், பழையது போய்விடும். அவ்வளவுதான்.

குரலை வைத்துத்தானே பத்து வருடமாகச் சோறு தின்கிறேன்! ஒரு பிசிறு இல்லை. "எனக்குப் பசிக்கிறது." "எனக்கு வலிக்கிறது." "தண்ணீர் வேண்டும்." கேட்கவே நன்றாக இருந்தது.

ஜூன் 17

காலையில் அவன் "பசிக்கிறது" அமுக்கினான். என்னைப் பார்த்தான். பலகையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். குலுக்கினான். மறுபடி அமுக்கினான். ஒவ்வொரு பட்டனாகக் கடைசி வரை அமுக்கிப் பார்த்தான்.

பிறகு பலகையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, மெதுவாக என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். கடை மாறி வந்த பொருளைத் திருப்பிக் கொடுப்பதுபோல.

ஜூன் 20

பலகையைத் தொடவே இல்லை. வீட்டில் சத்தமே இல்லை. முன்னால் "ம்" என்றாவது சொல்லுவான், கை தட்டுவான், நாற்காலியை இழுப்பான். இப்போது காலைக்கூடச் சத்தம் வராமல் தூக்கித்தான் வைக்கிறான். நான் போனில் பேசி முடித்துத் திரும்பினால் பின்னால் நிற்கிறான். எப்போது வந்தான் என்று தெரியாது.

இதற்கு அம்மா குரலே தேவலாம் போலிருக்கிறது. சீ, என்ன பேச்சு இது.

ஜூன் 26

சாப்பிட மாட்டேன் என்கிறான். ஒரே பக்கமாகப் படுத்துக் கிடக்கிறான். "என்னடா வேணும்? வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்!" என்று கத்திவிட்டேன். யாரிடம் என்ன கேட்கிறேன் பாருங்கள்.

ஜூன் 28

தலையணை உறையில் மஞ்சளாகக் கறை. இடது காதிலிருந்து சீழ்.

டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இந்த அளவுக்கு முத்துற வரைக்கும் வலி தாங்கவே முடியாதே. சொல்லலையா அவரு?"

சொல்லவில்லை. "வலிக்கிறது" என்ற பட்டன் அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.

இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் காது போயிருக்கும் என்றார். இன்றைக்குக் காது. நாளைக்கு நெஞ்சு வலி வந்தால்? அப்போதும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வானா?

ஜூலை 1

உதவி மையம். பேச்சுப் பயிற்சி டீச்சரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் என்னைவிடச் சின்னவள். கேட்டுவிட்டுக் கேள்வி ஒன்றுதான் கேட்டாள்.

"அவரக் கேட்டீங்களாக்கா?"

"என்ன கேக்கணும்?"

"குரல மாத்தட்டுமான்னு. உங்களுக்குத்தான் அது அம்மா குரல். அவருக்கு அது அவரோட குரல். பன்னெண்டு வருஷமா அதுலதான் பேசறாரு. நாளைக்குக் காலைல நீங்க வாயத் தொறந்ததும் வேற யாரோ பேசினா, மேற்கொண்டு பேசுவீங்களா?"

மூக்கில் ஒரு குத்து விட்டிருந்தால்கூட இதைவிடப் பரவாயில்லை. நான் பேயை விரட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு தம்பியின் வாயைத் தைத்திருக்கிறேன். அங்கேயே அழுதேன், சின்னப் பெண் முன்னால், மூக்கைச் சிந்திக்கொண்டு.

அழித்தது திரும்ப வராதாம். ஆனால் இவனுக்குப் புதுப் பலகை வந்தபோது பழையதை அம்மா மையத்திலேயே திருப்பிக் கொடுத்திருக்கிறாள். அங்கே ஒரு கருவி நூலகம் இருக்கிறது. சக்கர நாற்காலி, பிடி தடித்த கரண்டி, பேசும் பலகை எல்லாம் அலமாரியில் இருக்கும். ஒரு வீட்டில் வேலை முடிந்தால் அடுத்த வீட்டுக்குப் போகும். பழைய குரலை அழித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

ஸ்டோர்காரர் தலையைச் சொறிந்தார். "அந்தப் பலகைய மட்டும் அழிக்கலம்மா. தப்புதான். எந்தப் படத்துக்கு என்ன சொல்லணும்னு அடுத்த வீட்டுக்காரங்களுக்குப் புரியட்டும்னு அப்படியே குடுத்துட்டேன். அவங்க மாத்திக்குவாங்கன்னு நெனச்சேன்."

ஆக, அம்மா ஊருக்குள் எங்கேயோ ஒரு வீட்டில் பேசிக்கொண்டிருக்கலாம். வரும் வழியில் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஜூலை 5

அந்த வீட்டார் சம்மதம் இல்லாமல் முகவரி தரமாட்டார்களாம். நியாயம்தான். காத்திருக்கச் சொன்னார்கள். ஊரையே லைனில் காக்க வைக்கிறவளுக்கு இது வேண்டியதுதான்.

அவர்கள் குரலை மாற்றியிருந்தால்?

ஜூலை 8

வரச் சொல்லிவிட்டார்கள். கண்ணாடி வெட்டுகிற கடைக்கு மேல் வீடு. குறுகலான படி. மந்திரி காதில் பஞ்சோடு என் பை வாரைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தான். மணி அடித்தேன்.

உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்: "யாரு வந்திருக்காங்க?"

மந்திரி வாரை விட்டான். என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் போய், கதவில் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு நின்றான்.

கண்ணாடிக்காரர் கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால் தரையில் எட்டு ஒன்பது வயதுப் பெண், முன்பல் விழுந்த வாய், மடியில் ஓரம் தேய்ந்த பலகை. எங்களைப் பார்த்ததும் மறுபடி அமுக்கினாள். "யாரு வந்திருக்காங்க?"

அவளுடைய அம்மா மணிக்கட்டைக் காட்டினார். அதில் பல் தடம். "என் குரல்ல மாத்தலாம்னு சிவப்புப் பொத்தான்ல கைய வச்சேன். கடிச்சிட்டா வாலு. அதோட விட்டுட்டேன். யாரு பெத்த குரலோ, எங்க வீட்ல வளருது."

"எங்க அம்மா" என்றேன்.

மந்திரி அந்தப் பெண்ணுக்கு எதிரே போய் உட்கார்ந்தான். அவள் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தண்ணி வேணும்" என்றாள். அவன் விரலை நீட்டி அவள் பலகையில், "எனக்கும்." அவள் பட்டென்று அவன் கையில் ஒரு அடி வைத்தாள். "வேணாம், போ." அவன் விடவில்லை. "பசிக்குது." அவள்: "எனக்கும்."

நாங்கள் பெரியவர்கள் மூன்று பேரும் சுவரோடு ஒட்டி நின்றோம். யாரும் உட்காரவில்லை. அந்த அறைக்குள் செத்துப்போன என் அம்மா தன்னோடு தானே சண்டை போட்டாள், தண்ணீர் கேட்டாள், பசிக்கிறது என்றாள். ஆனாலும் கதவைத் தேடி ஓடத் தோன்றவில்லை.

அப்போது மந்திரி திரும்பி என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே அமுக்கினான்.

"வலிக்குது."

இன்னொரு கையைக் காதில் வைத்துக் காட்டினான்.

இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறான். "தெரியும்டா, தெரியும்டா கண்ணு" என்று அவன் தலையைக் கட்டிக்கொண்டேன். அந்த வாலுப் பெண் "போதும்" என்று எங்களை அதட்டினாள்.

ஜூலை 12

பலகையை வாங்கிக்கொண்டு வர முடியாது. அது இப்போது அவள் வாய். குரலை மட்டும் எங்கள் பலகைக்கு ஏற்ற, டீச்சர் ஒயரோடு அந்த வீட்டுக்கு வந்தாள். பழைய பலகையின் ஓட்டையில் ஒயர் நுழையவில்லை. கடைசியில் இரண்டு பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதில் பேசவிட்டு இதில் பதிந்தோம். வேறு யாரையும் அந்தப் பெண் தொடவிடவில்லை. பட்டனெல்லாம் அவளே அமுக்கினாள். கண்ணாடிக்காரர் கீழே மெஷினை நிறுத்தி வைத்தார்.

"பயமா இருக்கு" பதியும்போது அவளுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டினதுபோலச் சிரிப்பு வந்துவிட்டது. இப்போது அம்மா "பயமா இருக்கு" என்றதும், அடியிலேயே ஒரு குழந்தை சிரிக்கிறது. கேட்டால் ரோமம் சிலிர்க்கிறது. திரும்பப் பதியலாமா என்று டீச்சர் இந்தத் தடவை அவனையே கேட்டாள். அவன் பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்துவிட்டான்.

கிளம்பும்போது அந்தப் பெண் ஜன்னலில் பலகையைத் தூக்கிப் பிடித்து, "போயிட்டு வா" என்றாள். அம்மா என்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டு இப்படித்தான் சொல்லுவாள்.

ஜூலை 13

"பசிக்குது." "தண்ணி வேணும்." "போதும்." "பசிக்குது." காலையிலிருந்து ஓயவில்லை. சாப்பாட்டை வாயில் வைத்துக்கொண்டே பசிக்கிறதாம். காது ஆறட்டும், அப்புறம் இருக்கிறது உனக்கு.

ஜூலை 16

என் ஆபீஸ் குரலை எல்லாப் பட்டனிலும் அழித்தாயிற்று. ஒரு பட்டன் மட்டும் காலி. பழைய பலகையில் ஒரு பட்டன் குறைவு. "அக்கா" அதில் இல்லை. அது வாங்கின காலத்தில் நான் எங்கேயோ வேலையில் இருந்தேன், என்னைக் கூப்பிட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. அம்மா குரலில் "அக்கா, இங்க வா" இனி இந்த உலகத்தில் எங்கேயும் இல்லை. அதை நான்தான் அழித்தேன்.

டீச்சர் என் குரலில் பதியலாம் என்றாள். "ஆபீஸ் குரல் வேணாம்கா. அவரோட பேசற மாதிரி. அவர் ஒத்துக்கிட்டா வைங்க."

அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பதிந்தேன். "அக்கா, இங்க வா." என்னை நானே கூப்பிட்டேன். போட்டுக் காட்டினேன். "இது இருக்கட்டுமாடா? வேண்டாம்னா அழிச்சிடறேன்."

மந்திரி யோசிக்கவே இல்லை. உடனே தலையாட்டினான்.

ஆகஸ்ட் 2

இரண்டு நாள் முன்பு என் துணிகளை அம்மா அறைக்கே திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். விளக்குப் போடுகிற நேரத்தில் அவனோடு நானும் கட்டிலில் உட்காருகிறேன். அம்மா பயமாக இருக்கிறது என்கிறாள், குழந்தை சிரிக்கிறது. "எனக்கும்டா" என்கிறேன்.

இன்று வேலை நேரத்தில், ஒரு பெண்மணிக்கு ஹீட்டரை எப்படி அணைப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அறையிலிருந்து நான் கூப்பிட்டேன். "அக்கா, இங்க வா." என் குரல்தான், அதே இழுப்பு, அதே அவசரம். இங்கே நாற்காலியில் உட்கார்ந்து நானே கேட்கிறேன். ஒருநாள் இந்த நாற்காலி காலியாக இருக்கும். அன்றைக்கும் இது கூப்பிடும். கேட்டுப் போகிறவர் யாராக இருப்பார்?

போனில் அந்தப் பெண்மணி தயங்கினார். "மேடம்... நீங்க என்கிட்டதானே பேசிட்டிருக்கீங்க? உள்ள இருந்தும் நீங்களே கூப்பிடற மாதிரி கேக்குதே. யாரு அது?"

"என் தம்பிங்க" என்றேன். "கொஞ்சம் லைன்ல இருங்க, அவன் கூப்பிடறான்."

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போனேன்.