கெட்டில்ல வினிகர் இருக்கு

நான் ஃபில்மோன், வயசு பத்தொன்பது, ஓடென்சே நகரத்துல இருக்கேன். இன்னைக்கு வேதியியல் வாய்மொழிப் பரீட்சையில இப்படித்தான் ஆரம்பிக்கணுமாம், சொல்லிப் பாத்துக்கிட்டேன், லுவாம் அக்கா. எழுத நேரமில்ல, அதான் போன்ல பேசி அனுப்புறேன்.

வேலை முடிஞ்சு வந்ததும் கெட்டில்ல டீ போட்டுடாத. உள்ள வினிகர் ஊத்தியிருக்கேன். நேத்து நீ வேதியியல் கேள்வி கேட்டப்ப, கெட்டில்ல படிஞ்ச சுண்ணாம்புல வினிகர் பட்டா ஹைட்ரஜன் வரும்னு சொன்னேன்ல? "அப்ப கெட்டில் வெடிச்சிடும்டா, அறிவாளி!"ன்னு சிரிச்ச. நான் கோவத்துல, "நாளைக்கு நீ வரவே வேணாம்"னு கத்திட்டேன்.

காலையில ஊத்திப் பாத்தேன், நுரைச்சுச்சு. எரியுற தீக்குச்சிய உள்ள நீட்டினேன். ஹைட்ரஜன்னா டப்புன்னு சத்தம் வரும். இது சத்தமே இல்லாம அணைஞ்சுபோச்சு. கார்பன் டை ஆக்சைடுதான்க்கா. இனி செத்தாலும் மறக்க மாட்டேன். இந்தப் பரீட்சையில பாஸானாத்தானே நர்ஸ் படிப்பு.

ஷிரோ குழம்பு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்கோ.

அப்புறம் இன்னொண்ணு. பரீட்சை முடிச்சு வர்றவங்களுக்கு வீட்டு ஆளுங்க இங்க பரீட்சை ரூம் கதவுகிட்ட கொடியும் பூவுமா நிப்பாங்கல்ல? எனக்குக் கொடியும் வேணாம், பூவும் வேணாம். பாஸோ ஃபெயிலோ, ரெண்டு மணிக்கு நீ வந்து நில்லுக்கா.