அக்கா சொல்லாத வார்த்தை

ஆவணி, ஞாயிற்றுக்கிழமை.

இன்று நூலகக் கூட்டத்தில் என் கதையை வாசித்தேன். அப்பா இறந்த பிறகு தறியில் உட்கார்ந்து, தம்பியைப் படிக்க வைத்து, கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட ஒரு பெண்ணின் கதை. என் அக்காவின் கதைதான். தியாகத்தின் உருவம் என்று எல்லோரும் பாராட்டினார்கள். அக்காவும் கேட்க வந்திருந்தாள்.

வீட்டில் சாதம் போடும்போது கேட்டாள். "கல்யாணம் வேணாம்னு அந்தப் பொண்ணே சொன்ன மாதிரி எழுதிகிறியே. நான் எப்படா சொன்னேன்?"

"வேணும்னும் நீ சொல்லலியேக்கா."

"என்னை யாருன்னா கேட்டீங்களா? களம்பூர்லேர்ந்து பொண்ணு பாக்க வந்தாங்க. எனக்கு அவரைப் புடிச்சிருந்துது. அம்மா முடியாதுன்னு அனுப்பிட்டாங்க. நீ பக்கத்துலதான் படிச்சிகினு இருந்த."

கதையை மாற்றி எழுதுகிறேன் என்றேன்.

"எழுது. அவளுக்கும் ஆசை இருந்துதுன்னு எழுது" என்று சொல்லிவிட்டு, எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவளுக்கு ஆசை இருந்தது என்பது வரை வந்துவிட்டது. அன்றைக்குத் தம்பி என்ன செய்தான் என்று அடுத்த வரியில் எழுத வேண்டும். கை ஓடவில்லை.