என் விரலை எடுத்தவனுக்கு

மதுரையில் என் வீட்டில் விறகடுப்பு கிடையாது. பூண்டும் கடைப் பூண்டுதான். ஆனாலும் நேற்று சாயங்காலம், அடுப்புப் புகையில் காய்ந்த மலைப்பூண்டின் வாடை என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. என் மகள் அப்போதுதான் "நீ எனக்கு வேணாம், போப்பா" என்று கத்தியிருந்தாள். ஓங்கிய என் கை அப்படியே நின்றது.

அந்த வாடையோடுதான் நாம் இருவரும் பூம்பாறையில் பஸ் ஏறிக் கொடைக்கானல் பள்ளிக்குப் போவோம். அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்ட பூண்டு நம் சட்டையிலும் ஏறிவிடும். பெஞ்சில் யாரும் நம் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். நீ சிரித்துக்கொண்டிருப்பாய், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கூடப் பிறந்த இரட்டை, ஒரே முகம், எப்படியடா?

மூன்றாம் வகுப்பில், இரட்டைப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை ஆராய ஒரு டாக்டரம்மா வந்தார். நம்மை வேறு வேறு அறையில் உட்கார வைத்தார்கள். கம்ப்யூட்டரில் என் போட்டோ. எங்கோ இருக்கும் பிள்ளைகள் அதைப் பார்த்து, பிடித்தால் பச்சை, பிடிக்காவிட்டால் சிவப்பு போடுவார்களாம்.

"சிவப்பு போட்டவங்க காதுல சத்தம் அடிக்கணும்னா இந்தப் பொத்தானை அழுத்துப்பா. விடுற வரைக்கும் அடிக்கும்."

சிவப்பு வந்தது. போட்டது நம் வகுப்புப் பிள்ளைகள்தான் என்று நினைத்து, காது கிழியட்டும் என்று அழுத்தினேன். திடீரென்று யாரோ என் விரலைப் பிடித்துத் தூக்கினார்கள். பக்கத்தில் யாருமில்லை.

முடிந்ததும், அப்படிப் பிள்ளைகளே கிடையாது, சத்தம் யாருக்கும் கேட்காது, எல்லாம் விளையாட்டுதான் என்றார் டாக்டரம்மா. கோபத்தைப் பிடித்து நிறுத்தும் இடம் இங்கே இருக்கிறது, மெதுவாகத்தான் வளரும் என்று என் நெற்றியைத் தொட்டார்.

பஸ்ஸில் நீ காதைத் தேய்த்துக்கொண்டே வந்தாய். "ஏலே, அந்தச் சத்தம் என் காதுல கேட்டுச்சு. தாங்க முடியல. அதான் ஒன் வெரல எடுத்துவிட்டேன்." நான் பயந்துபோய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "ஒனக்கு அந்த எடம் வளருற வரைக்கும் நான் இருக்கேன்ல" என்றாய்.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. இரட்டையில் ஒன்று போனால் மற்றதைக் கூப்பிடும் என்று, உன்னைத் தூக்கும்போது அத்தை என் காதுகளை இறுகப் பொத்தினாள். "அவன் கூப்பிட்டா போயிராதய்யா." நீ கூப்பிடவே இல்லை.

நேற்று என் சுட்டுவிரலை ஒரு சின்னக் கை பிடித்திருந்தது. மகள் எட்டத்தில்தான் நின்றாள். அவளைத் தூக்கிக்கொண்ட பிறகும் விரலில் வாடை போகவில்லை.

எனக்கு வளர்ந்துவிட்டது, நீ போகலாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பயமாக இருக்கிறது. இன்னும் வளரவில்லையடா. இரு.