பேருக்கு முதலாளியம்மா

விருத்தாசலம்
5.2.2007

ஜெசிக்கு,

சேசுவுக்கே புகழ். போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கிற. உங்கம்மா எடுத்து நீ தூங்குறன்னு பொய் சொல்றாங்க. பகல் பதினோரு மணிக்கு எந்தப் பொம்பளை தூங்குவா? அதான் எழுதறேன்.

புருஷன் பொண்டாட்டி சண்டை எந்த வூட்ல இல்ல? அதுக்காக கிறிஸ்மஸுக்கு மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கிட்டு சேத்தியாத்தோப்பு பஸ்ஸு ஏறுவியா? ஃபாதர் கேட்கிறார். என் மானம் போவுது.

விஷயத்துக்கு வரேன். அந்த நீலாவதி நம்ம பீங்கான் ஷெட்டுப் பொம்பளைங்களைச் சேர்த்துக்கிட்டு, கூலி தரலன்னு தொழிலாளர் ஆபீசுல எழுதிக் குடுத்துட்டா. நோட்டீசு உன் பேருக்கு வந்திருக்குது. பொம்பளை பேர்ல கம்பெனி இருந்தா லோனுக்குச் சலுகைன்னு உன் பேர்ல ஆரம்பிச்சதுக்கு இந்த வம்பு. பதிலை டைப் அடிச்சு இதோட வச்சிருக்கேன். இவங்க நம்ம வேலைக்காரங்க இல்ல, அப்பப்ப வந்து செஞ்சுட்டுப் போறவங்க, அவ்வளவுதான் அதுல இருக்குது. புள்ளி வச்ச இடத்துல கையெழுத்துப் போட்டு அனுப்பு. படிச்சு மண்டையை உடைச்சுக்காத.

டோமினிக்


சேத்தியாத்தோப்பு
9.2.2007

உங்களுக்கு,

படிக்காதன்னு எழுதினீங்க, அதனாலயே ரெண்டு தரம் படிச்சேன்.

அப்பப்ப வந்து போறவங்களா? ஷெட்டு போட்ட நாள்லேருந்து நீலாவதி அக்கா வராங்க. நீங்க ஞாயித்துக்கிழமை பூசைக்குக்கூட அவ்வளவு ஒழுங்கா போனதில்ல.

சூளையிலேருந்து முழுசா வெளிய வர பியூஸ் கட்டைக்குத்தான் கூலி, விரிசல் விழுந்ததுக்குக் கிடையாதுன்னு சட்டம் வச்சிருக்கீங்க. சரி, அவங்க கைத்தப்புன்னா பிடிங்க. பண்டிகைக்கு முந்தி லாரி ஏத்தணும்னு, சூளை ஆறாம கதவைப் பிரிக்கச் சொன்னது யாரு? சூளை பாக்குற விருத்தகிரி, இன்னும் ஒரு நாள் போவட்டுங்கன்னு கெஞ்சினாரே, கேட்டீங்களா? பாதிக்கு மேல விரிஞ்சுபோச்சு. அவசரம் உங்களுது, கூலி போனது அவங்களுக்கு. இது என்னங்க நியாயம்?

அதைக் கேட்டதுக்கு அக்காவைக் கழுத்தைப் பிடிச்சு கேட்டுக்கு வெளிய தள்ளினீங்க. அந்தக் கையால எனக்குக் கேக் ஊட்ட வந்தீங்க. அதான் பஸ்ஸு ஏறினேன்.

கையெழுத்துப் போட மாட்டேன்.

ஜெசி


விருத்தாசலம்
13.2.2007

ஜெசி,

ரொம்ப எகிறாதடி. எனக்குத் தெரிஞ்ச ஷெட்டு அத்தனையிலயும் இதே வழக்கம்தான். நான் ஒருத்தன் விரிஞ்சதுக்கும் காசு குடுத்தா என் சரக்கு விலை ஏறும், ஆர்டர் அடுத்தவனுக்குப் போவும். ஷெட்டை மூடினா உன் அக்காமாருங்க மூட்டையைக் கட்டிக்கிட்டு திருப்பூர் போவ வேண்டியதுதான். அப்ப உன் நியாயம் வந்து சோறு போடுமா?

உன் கழுத்துச் சங்கிலி எந்தக் காசு? உங்கம்மா வூட்டுக்கு மாடி எடுத்தோமே, அது எந்தக் காசு? எட்டு வருஷம் இனிச்சது இப்ப கசக்குதோ? பேருக்கு உன்னை முதலாளியம்மான்னு வச்சதுக்கு நிஜமாவே முதலாளின்னு நெனச்சுக்கிட்டியா?

நீ போடலன்னா ஒண்ணும் முழுகிப் போயிடாது. நீ கையெழுத்துப் போட்டு வச்ச செக்கு ஒரு கட்டு எங்கிட்ட இருக்குது. அதைப் பார்த்து நோட்டீசுக்கு நானே போட்டுக்கறேன். நீ அங்கியே கெட.

டோமினிக்


சேத்தியாத்தோப்பு
24.2.2007

டோமினிக் அவர்களுக்கு,

சங்கிலி எந்தக் காசுன்னு கேட்டீங்க. அந்தப் பொம்பளைங்க காசு. தெரிஞ்சுதான் போட்டுக்கிட்டேன். அதுக்காக இன்னும் வாயைப் பொத்திக்கிட்டு இருக்கணுமா?

என் கையெழுத்தை நீங்க போடுவேன்னு எழுதின பொறவு எனக்குத் தூக்கம் போச்சு. நேத்து விருத்தாசலம் வந்து, நேரா பேங்குக்குப் போனேன். மேனேஜர் பாலகிருஷ்ணன் சார், "இத்தினி வருஷத்துல உங்களை இப்பதாம்மா பார்க்கறேன்"னார். வெக்கமா இருந்துது. நீங்க வச்சிருக்கற செக்கு எதுவும் இனி செல்லாது. சரக்குக்கு வந்த பணத்துலேருந்து அத்தனை பேருக்கும் கூலி குடுத்துட்டேன், விரிஞ்ச கட்டைக்கும் சேர்த்து. நீலாவதி அக்கா சிரிக்கல, கும்பிடல. எண்ணிப் பார்த்து முந்தானையில முடிஞ்சுக்கிட்டுப் போயிட்டாங்க. அவங்க காசுதானே.

நோட்டீசுக்கும் பதில் எழுதியாச்சு. இவங்க எல்லாரும் என் வேலைக்காரங்க, கூலிக்கு நான் பொறுப்புன்னு எழுதினேன். லோன் கட்ட முடியலன்னா பேங்குக்காரங்க என்னைத்தான் பிடிப்பாங்க. பயமாத்தான் இருக்குது. ஆர்டர் போனாலும் போவும்.

மார்ச் ஒண்ணாந்தேதிலேருந்து ஷெட்டை நானே திறந்து நடத்தறேன். ஆர்டர் பிடிக்க உங்களை மாதிரி ஆளு எனக்குக் கிடைக்காது, அதை மறைக்கல. மாசச் சம்பளத்துக்கு வரதுன்னா வாங்க. எல்லார் முன்னாடியும் அக்காகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் உள்ள வரணும். சூளையை எப்பப் பிரிக்கறதுன்னு விருத்தகிரி சொல்வாரு, நீங்க இல்ல.

வேலைக்குத்தான் கூப்பிடறேன். சேர்ந்து வாழக் கூப்பிடல. எங்கிட்ட இருந்த வூட்டுச் சாவியை இந்த ரிஜிஸ்டர் கவர்லயே வச்சிருக்கேன். ஷெட்டுச் சாவியை நீங்க கொண்டாந்து குடுத்துடுங்க.

ஜெசி
உரிமையாளர்