வெட்டி எடுத்த நான்கு நிமிடம்

காமிராப் பையின் அடிப்பக்கத்து ஜிப்பைத் திறந்தபோது உன் படங்குத் துண்டு கையில் வந்தது. கொழுந்து பறிக்கப் போகையில் இடுப்பைச் சுற்றிக் கட்டுவாயே, அந்தத் தடித்த பிளாஸ்டிக் துணியில் ஒரு முழம் வெட்டி, மழை வந்தால் காமிராவுக்குப் போர்த்த வைத்திருந்தாய். தேயிலைக் கறையும் ஈரமும் கலந்து காய்ந்த மணம். பண்டாரவளையில் ஒரு கல்யாண வீடு அது. மாப்பிள்ளை வாசலுக்கு வந்துவிட்டார். எல்லோரும் நான் படம் எடுப்பேன் என்று என்னைப் பார்க்கிறார்கள். நான் அந்தத் துண்டை முகத்தில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தோம். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் நீ கொழுந்து பறிக்க மலைக்குப் போனாய், நான் பதுளைக் கடைத்தெருவில் வாப்பாவின் ஸ்டுடியோவுக்குப் போனேன். அதற்குப் பிறகு உன்னைச் சரியாகப் பார்த்தது உன் மகளின் சடங்கு வீடியோவை வாங்க நீ வந்த அன்றுதான். போட்டுக் காட்டினேன். கடைசிவரை பார்த்துவிட்டுக் கேட்டாய்.

"சாப்பிட்டவங்க எல்லாரும் இருக்காங்க. சமைச்சவங்கள்ல ஒருத்தியக்கூடக் காணோமே?"

"அவங்கள யாரு பாக்கப் போறா?" என்றேன்.

"நான் பாப்பேன்."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து, காமிராவை எப்படிப் பிடிப்பது என்று கேட்டாய்.

என்னிடமிருந்த பழைய காமிராவைத் தந்தேன். ஆறு மாதம் எடுத்தாய். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவதிலிருந்து சாயந்தரம் கொழுந்து நிறுப்பது வரைக்கும் பெண்களின் ஒரு நாள். நான் போய் எடுத்திருந்தால் அவர்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றிருப்பார்கள். உனக்கு முன்னால் சண்டை போட்டார்கள், வெற்றிலை மென்றார்கள், கால் வலிக்கிறது என்று அழுதார்கள். இரவில் திரையைப் பார்த்தால் எனக்குக் கண் வலிக்கும்; பகலில் கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அதை வெட்டி ஒட்டினேன். முடித்தபோது பத்தொன்பது நிமிடம் வந்தது.

கொழும்பில் பெண்கள் எடுத்த படங்களுக்காக ஒரு சர்வதேசத் திரைப்பட விழா நடக்கப்போகிறது என்று தெரிந்ததும் நான்தான் விதிகளைப் படித்தேன். பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. முன்பு வேறெங்கும் வெளியிட்டிருக்கக் கூடாது.

நான்கு நிமிடத்தை எங்கே வெட்டுவது என்று கேட்டபோது நீ தயங்கவே இல்லை. "எத வேணும்னாலும் வெட்டு. குளவிக்கூட்ட மட்டும் வெட்டாத."

அந்தக் காட்சி இப்போதும் எனக்கு மனப்பாடம். கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் ஆறு பெண்களும் கையை நிறுத்திவிட்டு மேலே பார்க்கிறார்கள். காமிரா மெதுவாக ஏறுகிறது. சவுக்கு மரத்தின் கிளையில் ஒரு பானை அளவு கூடு. காமிராவுக்குப் பின்னாலிருந்து உன் குரல்.

"ஐயா, போன மாசமே சொன்னோம். கூடு பெருசாயிருச்சுங்க."

வேலையை மேற்பார்வை பார்க்கும் அந்த ஐயா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பாத்துக்கலாம். நீங்க கொழுந்தப் பாருங்க."

"எப்பங்க பாப்பீங்க?"

அவர் அடுத்த வரிசைக்கு நடந்துவிடுகிறார். அதற்குப் பிறகு மூன்று நிமிடம் கூடு மட்டும்தான்.

"இதுல ஒண்ணுமே நடக்கலையே. கூடு சும்மா தொங்குது" என்றேன் நான்.

"நடந்துறக் கூடாதுன்னுதானே காட்டுறோம்" என்றாய்.

நீ போன பிறகு மூன்று தடவை வேறு இடங்களில் வெட்டிப் பார்த்தேன். எதை எடுத்தாலும் படம் நொண்டியது. கூட்டை எடுத்ததும் சரியாகப் பதினைந்துக்குள் அடங்கியது. அழகாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு பெண்களும் மேலே பார்க்கிறார்கள், அடுத்த காட்சியில் தராசு. அனுப்பிவிட்டேன்.

சாயந்தரம் நீ அழைத்தாய். "அனுப்பிட்டியா புள்ள?"

"அனுப்பிட்டேன்."

"கூடு இருக்குல்ல?"

"இருக்கு."

படம் தெரிவாகிவிட்டது என்று சொன்னபோது ஃபோனில் நீ கத்தியது கடைக்கு வந்தவருக்கே கேட்டது. லயத்து வீடு வீடாகச் சொன்னாயாம்: "நம்ம குளவிக்கூட்டக் கொழும்புல காட்டப் போறாங்க." திரையில் பார்த்ததும் நீ என்னைத் திட்டுவாய், திரும்பி வரும்போது பஸ்ஸில் எப்படியாவது சமாதானம் செய்துகொள்ளலாம் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

நீ இன்னொன்றும் கேட்டாய். இதை எழுதத்தான் இவ்வளவு நாள் கை வரவில்லை.

"அந்தக் கூடு வர்ற துண்ட மட்டும் எம் ஃபோனுக்கு அனுப்பு. ஃபேஸ்புக்ல போடுறேன். அப்பத்தான் தோட்டத்துத் தொரைக்கு ஒறைக்கும்."

"விழா முடியட்டும். இப்ப வெளியில விட்டா விழாவுலேருந்து படத்தையே எடுத்துருவாங்க."

"அப்பிடியா? சரி, ஒரு மாசந்தானே."

விழாவுக்கு அனுப்பிய படத்தில் அந்தத் துண்டே இல்லை. அதை யார் எங்கே போட்டிருந்தாலும் விழாக்காரர்களுக்கு ஒன்றுமில்லை. அப்போதே அனுப்பியிருக்கலாம். பேச்சு வளர்ந்தால் "படத்துல இருக்குல்ல" என்று இன்னொரு முறை கேட்பாயோ என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம். தோண்டித் தோண்டிப் பார்க்கிறேன், வேறு காரணம் கிடைக்கவில்லை.

விழாவுக்குப் பதினொரு நாள் இருக்கும்போது காற்று அடித்தது. கிளை ஆடிக் கூடு கலைந்ததாம். மற்றவர்கள் செடிக்குள் படுத்துக்கொண்டார்கள். நீ நேர் கீழே நின்றிருக்கிறாய். ஓடியிருக்கிறாய். சரிவில் தடுக்கி விழுந்திருக்கிறாய். லொறி ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது. முகங்களைப் பார்த்தே பிழைப்பவள் நான். குளவி கொட்டி வீங்கிய உன் முகத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கையில் இருந்த கறையைப் பார்த்துத்தான் நீ என்று ஒப்புக்கொண்டேன்.

அன்றைக்கே விழாக்காரர்களுக்கு எழுதினேன், முழுப் படத்தையும் போடச் சொல்லி. மரியாதையாகப் பதில் வந்தது. ஆழ்ந்த அனுதாபம்; நேர அட்டவணையை மாற்ற முடியாது.

தனியாகப் போனேன். பெரிய மண்டபம், குளிரூட்டி. பல நாட்டுப் பெண்கள், அவர்கள் எடுத்த படங்கள். நமக்கு முன்னால் ஓடிய படத்தில் மீன் விற்கும் ஒரு கிழவி வந்தாள், உனக்குப் பிடித்திருக்கும். பிறகு உன் பெயர் திரையில் வந்தது. என் பெயருக்கு மேலே, பெரிதாக. பதினைந்து நிமிடம் ஓடியது. எழுந்து நின்று கைதட்டினார்கள். மேடையில் ஒலிவாங்கியோடு நின்ற பெண்மணி நல்லவர்தான். "மேலே பார்க்கிறார்களே அந்தப் பெண்கள், அது எவ்வளவு நம்பிக்கையான பார்வை! அவர்கள் வானத்தில் எதைத் தேடுகிறார்கள்?" என்று கேட்டார்.

"குளவிக்கூட்ட" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நான் வெட்டியதை, உன்னிடம் பொய் சொன்னதை, நீ கேட்ட துண்டைத் தராமல் வைத்திருந்ததை, காற்றை. மொழிபெயர்த்துக்கொண்டிருந்த பிள்ளை பாதியில் நிறுத்திவிட்டாள். பிறகு வெளியே சிலர் வந்து கட்டிப்பிடித்தார்கள். உங்கள் குற்றமில்லை என்றார்கள். அவர்களுக்கு நீ யார்? யாரோ ஒருத்திக்காக என்னை மன்னிப்பது எவ்வளவு லேசான காரியம்.

மறுநாள் பஸ்ஸில் இருந்து இறங்கியதும் நேரே உங்கள் லயத்துக்குப் போனேன். உன் புருஷன் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். நின்றபடியே சொல்லி முடித்தேன். கோடரியைக் கீழே வைத்தார்.

"இத அவகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"அப்ப எங்கிட்ட சொல்லி என்னங்க ஆகப்போகுது?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிளந்த விறகை அடுக்கி வைத்துவிட்டு, "அந்தக் கூடு வர்ற துண்டு இருக்கா?" என்று கேட்டார். அங்கேயே அனுப்பினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. உன் குரல் வருமே, அதற்குப் பயந்திருப்பார். லயத்தில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். விடிந்ததும் பெண்கள் பெரட்டுக்கு வந்து நின்றார்கள், மலைக்கு மட்டும் ஏறவில்லை. மூன்று நாள். நாலாம் நாள் ஆட்கள் வந்து, அந்த மலையில் இருந்த ஐந்து கூடுகளையும் எடுத்தார்கள். ஒரே காலையில் முடிந்த வேலை. ஒரே காலை.

இப்போது என் நம்பர் எப்படியோ எல்லாத் தோட்டத்துக்கும் போய்விட்டது. தெரியாத பெண்கள் அழைக்கிறார்கள். "எங்க மலையிலயும் ஒண்ணு இருக்குங்க, வந்து வீடியோ எடுக்கிறீங்களா?" ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். எடுத்த இடத்திலேயே நின்று வெளியே விட்டுவிடுகிறேன். ஒரு நொடிகூட வெட்டுவதில்லை. சில இடங்களில் ஆள் வருகிறது. சில இடங்களில் என்னைத் துரத்துகிறார்கள்.

நேற்றுக் கொஸ்லந்தப் பக்கம் போயிருந்தேன். ஒற்றையடிப் பாதைக்கு மேலேயே தொங்குகிறது, இரண்டு கை விரித்த அளவு. அதன் கீழேதான் எல்லோரும் நடந்து போக வேண்டும். என்னைக் கூட்டிப் போன பெண்ணின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டேன். வீடியோ போட்டுவிட்டேன். அந்தத் தோட்டத்து ஐயாவுக்கும் துரைக்கும் அனுப்பிவிட்டேன். இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

இன்று மத்தியானத்திலிருந்து அங்கே காற்று அடிக்கிறதாம். நாளைக்கும் அதே மலையில்தான் கொழுந்து என்று அவள் சொன்னாள்.