எட்டாவது பாட்டில் ஒரு சொல்

பிப். 4, செவ்வாய்

பனி விட்டுருச்சு. காலையிலேயே வெயில். நாமக்கல்ல இருந்து சேலம் பஸ். மடியில கிடார். கண்டக்டர், "இதுக்கும் டிக்கெட் போடட்டுமாங்க?" பஸ்ஸே சிரிச்சுது.

ஃப்ரெண்டு பிரவீணோட ஸ்டுடியோன்னா அவன் ஊட்டு மாடி ரூம்தான். சுவரெல்லாம் பழைய மெத்தை. மியூசிக், ரெக்கார்டிங் எல்லாம் அவனே. ஏழு பாட்டு ஆச்சு. எட்டாவதும் முடிஞ்சா என் முதல் ஆல்பம்!

பாட ஆரம்பிச்சா கீழே குக்கர் விசில். மறுபடி பாடினா மறுபடி விசில். பிரவீண் அவங்க அம்மாகிட்ட ஓடினான். "அப்ப ரெண்டு பேருக்கும் தயிர்சோறுதான்" குரல் மட்டும் மேல வந்துச்சு. சரின்னுட்டோம். எட்டாவதும் முடிஞ்சுது.

பிப். 6, வியாழன்

சென்னையில ஒரு மியூசிக் கம்பெனிக்கு பாட்டெல்லாம் அனுப்பியிருந்தோம். போன் வந்துச்சு. ஆல்பத்தை அவங்களே வெளியிடுறாங்களாம்! கட்டில் மேல ஏறிக் குதிச்சேன்.

அப்புறம்தான் அந்தக் கம்பெனிக்காரர் சொன்னார். "கடைசிப் பாட்டுல 'ஊட்டுக்கு வாரேன்'னு பாடறீங்க. 'வீட்டுக்கு வரேன்'னு மாத்திடுங்க. எல்லா ஊருக்கும் புரியணும்ல?"

பிரவீண் போன்ல: "ஒரு வார்த்தைதான புள்ள. பாடிட்டுப் போ."

பிப். 7, வெள்ளி

பிரவீண் ரூம்ல ரெண்டு விதமாவும் பாடிப் பார்த்தேன். 'வீட்டுக்கு' சுத்தமா இருந்துச்சு. யாரோ பாடற மாதிரி. ஹாஸ்டல்ல இருந்தப்ப அம்மாவுக்கு போன் பண்ணி, "ஊட்டுக்கு வாரேன்மா"ன்னு சொல்வேனே, அந்தச் சந்தோஷத்துக்குத்தான் பாட்டே எழுதினது.

பிரவீண் ஹெட்போனைக் கழட்டினான். "மாத்தாத."

கம்பெனிக்காரர்கிட்ட முடியாதுங்கன்னு சொன்னேன். "அப்ப கஷ்டம்மா." வெச்சுட்டார்.

ஊட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன். "போனாப் போவுது சாமி. மொதல்ல சாப்புடு."

சாப்பிட்டுக்கிட்டே அழுதேன். நல்ல பசி.

பிப். 14, வெள்ளி

நாங்களே நெட்ல போட்டுட்டோம். எட்டு பாட்டும். 'ஊட்டுக்கு' ஊட்டுக்காவே.

அம்மா புளி டப்பா மேல போனைச் சாய்ச்சு வெச்சுக் கேட்டாங்க. "மூணாவது பாட்டுல எதுக்கு அந்தக் கத்து கத்தற?" குழம்பு கொதிக்கறப்ப மூணாவதையே திரும்பப் போட்டாங்க.

பிப். 19, புதன்

பரமத்தி வேலூர் பஸ். தூறல், இந்த மாசத்துல!

முன் சீட்டுல ரெண்டு காலேஜ் புள்ளைங்க. ஒரே இயர்போன், ஆளுக்கு ஒரு காது. ஜன்னலோரத்துப் புள்ள சத்தமாப் பாடுது. என் ரெண்டாவது பாட்டு!!

நான் எழுதினது 'வெயிலை மடிச்சு வெச்சேன்'. அவ பாடறா, 'வெயிலைக் கடிச்சு வெச்சேன்'.

"மடிச்சுடி."

"கடிச்சுதான். காதை நல்லாத் தீட்டிட்டுக் கேளு."

சண்டை முத்திருச்சு. ஜன்னலோரத்தவ என் பக்கம் திரும்பினா. "ஏனுங்க்கா, நீங்களே கேட்டுச் சொல்லுங்க. மடிச்சா, கடிச்சா?"

இயர்போனை வாங்கி காதுல வெச்சேன். என் குரல். கண்ணை மூடி முழுசாக் கேட்டேன்.

"கடிச்சுதான்"னேன்.