அந்த எக்ஸ்ரே யாருடையது?

என் மாமாவுக்கு,

சண்டை போட ஆள் இல்லாம எழுதுறேன். கேக்குதா உங்களுக்கு?

நம்ம மவ யாழினி சிதம்பரத்துல டாக்டருக்குப் படிக்கிறா. நீங்க போனப்புறம் கெடைச்ச சீட்டு. லீவுக்குக் கடலூர் வந்தா நான்தான் அவளுக்குப் பாடப் புத்தகம். நெஞ்சு, முதுகு, வயிறுன்னு உடம்பைப் பகுதி பகுதியாப் படிக்கணுமாம். என் மாரெலும்புல ஒரு மேட்டைத் தடவி, "மூச்சை இழும்மா"ன்னு அங்கேருந்து விலாவை எண்ணுவா. போன வாரம் என் நைட்டி மேலயே கண்மை பென்சிலால இதயத்தை வரைஞ்சா. இடது பக்கம்.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பீரோ மேல இருந்த உங்க கடைசி எக்ஸ்ரேயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சேன். "அப்ப இதுல ஏன்டி வலது பக்கம் இருக்கு?"

ரெண்டு வருசமா என்னை அரிக்கிறது இதுதான் மாமா. படத்துல உங்க பேரு இருக்கு. பேரை யாரு வேணா ஒட்டலாம். எழுத்து நேராத் தெரியுற மாதிரிதான் பிடிக்கிறேன், அப்பவும் இதயம் என் வலது கைப் பக்கம் நிக்குது. உங்க தம்பி குமாரு ஸ்கேன் சென்டர்ல எவனோடதையோ வாங்கியாந்துட்டான், அதைப் பாத்து வைத்தியம் பண்ணித்தான் உங்களைச் சாகடிச்சுட்டாங்கன்னு நம்புனேன். "என் வாசப்படி மிதிக்காதே"ன்னு அவன்கிட்ட சொல்லிட்டேன். பொங்கலுக்குக் காட்டுமன்னார்கோயில்லேருந்து அரிசி கொண்டாந்தான். தெருவோட திருப்பி அனுப்பிட்டேன்.

யாழினி சிரிச்சா. "அம்மா, எக்ஸ்ரேன்னா ஆளு நமக்கு எதிர்ல நிக்கிற மாதிரி பாக்கணும். உன் வலது பக்கம் தெரியறது அப்பாவோட இடது."

"உன் சித்தப்பன் சொல்லிக் குடுத்தானா?"ன்னேன். அவ மூஞ்சி சுருங்கிப் போச்சு.

நான் விடுவேனா? "வேற என்ன தெரியுது, சொல்லு பாப்போம்."

கல்யாணமான புதுசுல திருவந்திபுரம் போறப்ப வண்டியிலேருந்து விழுந்தீங்களே, இடது காறை எலும்பு ஒடைஞ்சு கோணலாக் கூடுச்சே, அது அவளுக்குத் தெரியாது. நாம சொன்னதே இல்ல. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல இருந்த அந்த முண்டு என் விரலுக்குத்தான் தெரியும்.

அவ கொஞ்ச நேரம் உத்துப் பாத்தா. "காறை எலும்பு எப்பவோ ஒடைஞ்சு கூடியிருக்கும்மா. இடது பக்கம்."

அவ விரலு வச்ச எடத்துல நானும் வச்சேன். நீங்களேதான். ஓன்னு அழுதுட்டேன், புள்ள பயந்துட்டா.

அப்ப சரியான ஆளுக்குத்தான் வைத்தியம் பாத்திருக்காங்க. அப்புறமும் ஏன் மாமா போனீங்க? இனிமே நான் யாரைத் திட்டுறது?

ஞாயித்துக்கெழமை காட்டுமன்னார்கோயிலுக்கு பஸ் ஏறுறேன். குமாருகிட்ட என்ன பேசுறதுன்னு தெரியல. பேச்சு வரலன்னாலும் அவனைக் கையப் பிடிச்சு நம்ம வீட்டுக்குக் கூட்டியாந்துடுவேன். இது உங்க மேல சத்தியம்.

எக்ஸ்ரேயை பீரோ மேல திருப்பி வைக்கல, ஜன்னல்லயே மாட்டிட்டேன். இத்தனை நாளும் எதிர்ல நின்னு என்னையே பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க. நான்தான் யாரோ எவரோன்னு நெனச்சுட்டேன்.

இப்படிக்கு,
உங்க மாமன் மவ
செல்வி